தோற்கத் தெரிந்த நிருஷா

உதயரூபனின் ஆட்டோ மட்டக்களப்பில் எங்கே நின்றாலும் ஊருக்குத் தெரிந்துவிடும். பச்சை ஆட்டோ, பின்கண்ணாடி முழுக்க மஞ்சள் எழுத்தில் 'நிருஷா'. ஐந்து வருடங்களுக்கு முன், மகளைத் தத்தெடுத்த கட்டளையை நீதிமன்றத்தில் கையில் வாங்கிய மறுநாளே எழுதுவித்தது. அப்போது நாலு வயதுப் பிள்ளைக்குத் தன் பெயரை வாசிக்கவே தெரியாது. இருந்தும் எழுத்து இன்னும் பெரிதாக வரவேண்டும் என்று எழுதுகிறவனோடு அரை மணித்தியாலம் வாதாடியவன் உதயரூபன். அதன் பலனை இப்போதுதான் அனுபவித்தான்.

"நேத்து நிருஷா ஆஸ்பத்திரிக்குப் பின்னால நிண்டதாம். ஆருக்கு என்ன?" என்று கேட்டார் கோணாமலை. பஸ் நிலையத்து ஆட்டோ தரிப்பிடத்தில் அவருடைய ஆட்டோவுக்கும் உதயரூபனின் ஆட்டோவுக்கும் நடுவே ஒரு முழ இடம். அந்த ஒரு முழத்துக்குள் எந்த இரகசியமும் தங்கியதில்லை.

"ஒரு ஆளை இறக்கினன் அண்ணன்."

"இறக்கிப்போட்டு முக்கா மணித்தியாலம் நிண்டதாமே."

"டயரில காத்துக் குறைவு."

"மூண்டு டயரிலயுமா?"

உதயரூபன் துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். உள்ளதைச் சொல்லவும் வழியில்லை. மகளுக்காக ஒரு நல்ல ஆலோசகரைத் தேடி அலைகிறேன் என்று சொன்னால் கோணாமலை அடுத்து என்ன கேட்பார் என்று அவனுக்குத் தெரியும். பிள்ளை என்ன செய்தது என்று கேட்பார். பிள்ளை ஒன்றும் செய்யவில்லை. அதுதான் பிரச்சினையே.

நிருஷாவுக்கு ஒன்பது வயது. இந்த ஐந்து வருடத்தில் அவள் ஒரு கோப்பையை உடைத்ததில்லை. ஒரு சோற்றுப் பருக்கையை மிச்சம் வைத்ததில்லை. தண்ணீர் கொடுத்தால் 'தேங்ஸ் அம்மா', தலை வாரிவிட்டால் 'தேங்ஸ் அம்மா', விளக்கைப் போட்டுவிட்டால் அதற்கும் ஒரு 'தேங்ஸ் அம்மா'. அமிர்தகழி மாமாங்கத் திருவிழாவில் மற்றப் பிள்ளைகளெல்லாம் ஊதுகுழலுக்கும் பலூனுக்கும் மணலில் புரண்டு அழுதபோது, இவள் தகப்பனின் செருப்பைக் காவல் காத்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்கு என்ன வேணும் கிளி?" என்று கேட்டதற்கு, "உங்களுக்கு என்ன வேணும் அப்பா?" என்றாள். உதயரூபன் இந்தக் கதையை ஆட்டோவில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொன்னான். சிலருக்கு இரண்டு தரமும் சொன்னான்.

மனைவி கேதீஸ்வரி மட்டும் அந்தக் கதைக்குச் சிரிப்பதில்லை.

பிறகு சப்பாத்துக் கதை வந்தது. மூன்று கிழமைக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் வெள்ளைக் காலுறையில் இரத்தம் கண்டு கேதீஸ்வரி கழற்றிப் பார்த்தாள். பெருவிரல் நகம் கறுத்து, பாதி கழன்று நின்றது. தை மாதத்திலிருந்தே சப்பாத்து இரண்டு அளவு சிறிது. இப்போது ஆனி.

"ஏன் மனே சொல்லல்ல?" என்று கேட்டாள்.

"பரவாயில்ல அம்மா. இன்னும் போடலாம்" என்றாள் நிருஷா. அதோடு நிற்கவில்லை. "சொறி அம்மா" என்று மன்னிப்பும் கேட்டாள்.

அந்த 'சொறி' உதயரூபனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. உடனே போய்ப் புதுச் சப்பாத்து வாங்கி வந்தான். பிள்ளை போட்டுப் பார்த்து, "நல்லா இரிக்கு அப்பா, தேங்ஸ்" என்றாள். அவன் திருப்தியோடு சாய்ந்து உட்கார்ந்தான். கேதீஸ்வரி அவனைச் சாய்ந்திருக்க விடவில்லை.

"இஞ்ச பாருங்க. இவ நம்மட வீட்டில மகளா இரிக்காவா, விருந்தாளியா இரிக்காவா?"

"என்ன கேதி கதைக்கிறாய்? எவ்வளவு நல்ல புள்ள."

"அதத்தான் நானும் சொல்றன். நகம் கழருற வரைக்கும் நல்ல புள்ள." அவள் குரலைத் தாழ்த்தினாள். "முதல்ல எடுத்த ஆக்கள் ரெண்டு மாசத்தில திருப்பி விட்டதெண்டு கோப்பில கிடந்ததே, மறந்து போச்சா? காரணம் என்ன எழுதியிருந்தது? பிள்ளை அடம். இவ அத மறக்கல்ல எண்டு நினைக்கிறன்."

மூன்று வயதில் ஒரு நாள் காலையில், அந்த வீட்டில் யாரோ அவளுக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டு, கையில் ஒரு பையைக் கொடுத்து, சிறுவர் விடுதி வாசலில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவ்வளவுதான் கோப்பிலிருந்து இவர்களுக்குத் தெரிந்தது.

"ஊரில உள்ள கந்தோர் முழுக்க எனக்குத் தெரியும் எண்டு பீத்துவீங்களே," என்றாள் கேதீஸ்வரி. "இதுக்குப் படிச்ச ஒரு ஆளைக் கண்டுபிடிங்க பாப்பம்."

அப்படித்தான் தேடல் தொடங்கியது. ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் இருந்த தாதி, பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"புள்ளைக்கு என்ன?"

"ஒண்டுமில்ல மிஸ். நல்ல புள்ள."

"சாப்பிடுறாவா?"

"போடுறது முழுக்க."

"பள்ளிக்கூடம்?"

"வகுப்பில மூண்டாம் பிள்ளை."

"சொல்வழி கேக்கிறாவா?"

"அதுதான் மிஸ் கரைச்சல். கேக்கிறா."

தாதி பேனையை மூடினாள். "எனக்கு மூண்டு இரிக்கு. நாளைக்குக் கொண்டு வாறன், மாத்திக்கொண்டு போங்க" என்றாள். பின்னால் நின்ற வரிசை முழுவதும் சிரித்தது. உதயரூபனும் சேர்ந்து சிரித்துவிட்டு, அதே சிரிப்போடு வெளியே நடந்தான். மூன்று டயரிலும் காற்றுக் குறைந்தது அன்றைக்குத்தான்.

அடுத்ததாக அவனுக்குத் தெரிந்தது நன்னடத்தைக் கந்தோர், சிறுவர் விடயங்களைப் பார்க்கும் அரசாங்க அலுவலகம். பிள்ளையை இவர்கள் கையில் தந்ததே அவர்கள்தான். அங்கே போனால் கட்டாயம் வழி சொல்வார்கள் என்று அறிவு சொன்னது. ஆனால் ஆட்டோ அந்தக் கேற்றைக் கண்டதும் தானாகக் கிறுகித் திரும்பியது. ஒருமுறை அல்ல, மூன்றுமுறை. தந்த இடத்திலேயே போய் 'ஏதோ சரியில்லை' என்று வாயைத் திறந்தால், அப்படியானால் கொண்டுவந்து தாருங்கள் என்று விட்டால்? கட்டளையில் நீதவான் கையெழுத்து இருக்கிறது, சட்டப்படி அவள் இவர்களுடைய பிள்ளை என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன? வயிறு சட்டம் படித்ததில்லையே.

மூன்றாவது முறை அந்தக் கேற்றடியில் ஆட்டோவைத் திருப்பியபோது பின்னால் ஒரு பயணி இருந்தார். ஸில்மியா மிஸ். காத்தான்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, பஸ் நிலையத்தில் இவன் ஆட்டோவில் ஏறி, பிரதேச செயலகத்தில் இறங்குகிறவர். இரண்டு வருடப் பழக்கம். அவர் காணிப் பிரிவில் வேலை செய்கிறார் என்பது உதயரூபனின் உறுதியான நம்பிக்கை. அவருடைய அறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவதை வாசலில் நின்று பல தரம் பார்த்திருக்கிறான். அழுதுகொண்டு வெளியே வந்தால் அது காணிப் பிரிவாகத்தானே இருக்க வேண்டும்.

"அண்ணன், நம்ம போறது இந்தப் பக்கம் இல்லையே" என்றார் ஸில்மியா.

"சும்மா மிஸ். றோட்டு எப்பிடி இரிக்கு எண்டு பாத்தன்."

"முந்தநாளும் பாத்தீங்க." பிறகு மெதுவாகக் கேட்டார். "மகள் எப்பிடி? மாமாங்கத்துக்குப் பிறகு புதுக் கதை ஒண்டும் இல்லையா?"

உதயரூபன் வாயைத் திறந்தது புதுக் கதை ஒன்றைச் சொல்லத்தான். வெளியே வந்தது சப்பாத்துக் கதை. நகம், இரத்தம், 'சொறி அம்மா' எல்லாம் வந்தது. ஆஸ்பத்திரி வரிசை சிரித்ததும் வந்தது. செயலக வாசலில் ஆட்டோ நின்று ஐந்து நிமிடமாகியும் அவன் நிறுத்தவில்லை. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சிக்கங்க மிஸ். காணி வேலைக்காற உங்களிட்ட போய் இதெல்லாம்..." என்றான்.

"காணி வேலையா?"

"ஓம். நீங்க காணிப் பிரிவுதானே?"

ஸில்மியா இறங்கி, தன் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பி அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். உளவளத்துணை உத்தியோகத்தர் என்று இருந்தது. இரண்டு வருடமாக அவன் முதுகுக்குப் பின்னால் தொங்கிய அட்டை.

"நீங்க தேடுற ஆளைத் தினமும் ஏத்தி இறக்கியிருக்கீங்க" என்றார் அவர். "ரெண்டு வருஷமா மகளைப் பற்றிச் சொல்லுறீங்க. ஒரு நாளாவது அவ பிழை செய்ததாச் சொல்லல்ல. எனக்கும் அது ஒரு மாதிரித்தான் இருந்திச்சு. கேக்காம எப்பிடி நான் சொல்லுறது? வாற புதன் மூண்டு மணிக்கு மனிசியையும் கூட்டிக்கொண்டு வாங்க."

புதன்கிழமை உதயரூபன் ஆட்டோவை மீன் சந்தைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, வெயிலில் மனைவியை நடத்திக் கூட்டிப்போனான். கேதீஸ்வரி நல்ல சேலை உடுத்தியிருந்தாள். நண்டுக் கூடைகளுக்கு நடுவே அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்த கோபத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

ஸில்மியாவின் அறையில் ஒரு மேசை, மூன்று கதிரை, பாய், நிறப் பென்சில்கள், காய்களைச் சுண்டிக் குழியில் போட்டு விளையாடும் ஒரு சின்னக் கரம் போட். படிவத்தில் 'பிரச்சினை' என்ற இடத்துக்கு எதிரே என்ன எழுதுவது என்று மூவருமாகக் கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

"எழுத முதல் ஒண்டு கேக்கிறன் மிஸ்" என்றான் உதயரூபன். குரல் அவனுக்கே சிறிதாகக் கேட்டது. "இது எழுதினா... புள்ளையத் திருப்பிக் கேப்பாங்களா?"

கேதீஸ்வரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். தான் மட்டும்தான் அந்தப் பயத்தோடு படுத்து எழும்புகிறோம் என்று அவளும் நினைத்திருந்தாள்.

"கேக்க மாட்டாங்க" என்றார் ஸில்மியா. "அவ உங்கட மகள். உதவி தேடி வாறது குற்றமில்ல அண்ணன். நன்னடத்தைக் கந்தோருக்குப் போயிருந்தாலும் என்னட்டத்தான் அனுப்பியிருப்பாங்க. மூண்டு தரம் சுத்தினதுக்கு ஒரு தரம் உள்ளுக்குப் போயிருக்கலாம்." பிறகு படிவத்தில் எழுதி, வாசித்தும் காட்டினார். 'பிள்ளை பிழை செய்யப் பயப்படுகிறாள்.'

அடுத்த கிழமையிலிருந்து நிருஷா போகத் தொடங்கினாள். அங்கேயும் அவள் நல்ல பிள்ளைதான். பென்சில்களை நிற வரிசையில் அடுக்கினாள். பாயை மடித்து வைத்தாள். போகும்போது 'தேங்ஸ் மிஸ்' சொன்னாள். மூன்றாவது சந்திப்பு முடிந்ததும் ஸில்மியா பெற்றோரை உள்ளே கூப்பிட்டார்.

"மகள் என்னோட ஆறு தரம் கரம் அடிச்சிருக்கா. ஆறு தரமும் தோத்திட்டா."

"சின்னப் புள்ளதானே மிஸ்" என்றான் உதயரூபன்.

"எனக்குக் கரம் விளையாடவே தெரியாது அண்ணன்."

இருவரும் விழித்தார்கள்.

"பெரியாக்களை வெல்ல விட்டா அவங்களுக்குச் சந்தோஷம், சந்தோஷமா இருந்தா தன்னை வச்சிருப்பாங்க. இப்பிடி ஒரு நினைப்பு அவவுக்கு. வீட்டிலயும் விளையாடுங்க. பாருங்க. அவசரப்படாதீங்க." எழும்பப் போனவர்களை அவர் மறுபடி இருத்தினார். "ஒரு நாளைக்கு அவ எதையாவது உடைப்பா. கோவப்படுவா. அண்டைக்கு என்ன செய்வீங்க?"

"ஒண்டும் சொல்ல மாட்டன் மிஸ்" என்றான் உதயரூபன் பெருந்தன்மையோடு.

"அது பிழை. விருந்தாளிக்குத்தான் ஒண்டும் சொல்லாம விடுறது. பிள்ளைக்கு ஏச வேணும். ஏசிப்போட்டு, வழக்கம்போலச் சோறும் குடுக்க வேணும்."

கோணாமலையின் வீட்டில் சும்மா கிடந்த கரம் போட் இரவலாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாவற்குடா வீட்டின் முன்னறையில், கண்ணாடி அலுமாரிக்கு எதிரே முக்காலியில் அதை வைத்து ஆட்டம் தொடங்கியது. அந்தக் கண்ணாடி அலுமாரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேதீஸ்வரியின் கல்யாணத்துக்கு வந்த தேநீர்க் கோப்பைகள் பன்னிரண்டும் அதற்குள்தான் இருந்தன. பதினாறு வருடமாக அதில் யாரும் தேநீர் குடித்ததில்லை. விருந்தாளி வந்தால் அவற்றைப் பார்த்துக்கொண்டு வேறு கோப்பையில் குடிக்க வேண்டும்.

உதயரூபன் முதல் ஞாயிறு வென்றான். இரண்டாம் ஞாயிறும் வென்றான். நாலாவது ஆட்டத்தோடு ஸில்மியா சொன்னதை அடியோடு மறந்தான். தரிப்பிடத்தில் கோணாமலைக்கு விரலால் காற்றில் அடித்துக் காட்டினான்.

"சிவப்ப ஒரே அடியில போட்டன் அண்ணன்."

"ஒன்பது வயசுப் புள்ளையோட" என்றார் கோணாமலை. "அடுத்தது என்ன, கொழும்புக்குப் போய் விளையாடப் போறியா?"

மூன்றாம் கிழமை ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன், யன்னலூடாக உள்ளே பார்த்து நின்றுவிட்டான். பள்ளிக்கூடச் சட்டையோடு நிருஷா தனியாகப் போட்டின் முன் இருந்தாள். டொக். ஒரு காய் விழுந்தது. டொக். இன்னொன்று. போட்டின் விளிம்பில் பட்டுத் திரும்பி ஒன்று. ஐந்தாவது அடியில் சிவப்பு, அதைத் தொடர்ந்து அதற்குத் துணைக்காய். விழுந்த காய்களை எல்லாம் அவள் சத்தமில்லாமல் எடுத்து, போட் நடுவில் மறுபடி வட்டமாக அடுக்கினாள்.

அவனுக்கு வெட்கம் வந்தது. தன்னிடம் தோற்பதற்கு இந்தப் பிள்ளை எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும். அவன் ஆட்டத்துக்குத் தோற்பதென்றால் லேசான காரியமா? வாசல் கடப்படிக்குத் திரும்பிப் போய், பலமாக ஹோர்ன் அடித்துவிட்டு, அப்போதுதான் வந்தவன்போல உள்ளே போனான்.

அன்றே ஒரு முடிவும் எடுத்தான். அடுத்த ஞாயிறு தான் தோற்பது. கேதீஸ்வரியிடம் கேட்கவில்லை. ஸில்மியாவிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையில் ஒரு கண்ணாடி மிஞ்சியிருக்கும்.

ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு அந்த ஆட்டம் தொடங்கியது. உதயரூபன் குழிக்கு இரண்டு அங்குலம் தள்ளி அடித்தான். நிருஷா மூன்று அங்குலம் தள்ளி அடித்தாள். அவன் வெள்ளைக்கு வைத்த குறியில் போட்டின் விளிம்பை அடித்தான். அவள் கறுப்புக்கு வைத்த குறியில் ஒன்றையுமே அடிக்கவில்லை. நாலு மணியாயிற்று. ஒரு காயும் விழவில்லை. குசினியிலிருந்து கணவாய்க் கறியின் வாசனையோடு கேதீஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"என்ன, இன்னும் தொடங்கல்லையா?"

"நடக்குது" என்றான் உதயரூபன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. தோற்பதில் இவள் தன்னைவிடக் கெட்டிக்காரி என்று அவனுக்கு விளங்கிவிட்டது. அவளுடைய கறுப்புக்காய் ஒன்று குழியின் விளிம்பிலேயே நின்றது. ஊதினால் விழும். அவள் அதைச் சுற்றிச் சுற்றி எல்லா இடத்திலும் அடித்தாள். அதை மட்டும் தொடவில்லை. கடைசியில் அவன் பவுடர் டின்னை எட்டி எடுக்கிறவன்போலக் கையை நீட்டி, முழங்கையால் அந்தக் காயை மெல்லத் தள்ளிவிட்டான்.

காய் விழுந்தது.

"அப்பா" என்றாள் நிருஷா. "நீங்க தள்ளினீங்க."

"நானா? அது உங்கட காய் மனே. நீங்கதான் அடிச்சீங்க. கெட்டிக்காரி."

"நான் அடிக்கல்ல. முழங்கையால தள்ளினீங்க. நான் கண்டனான்."

"காத்துக்கு விழுந்திருக்கும்."

"ஃபேன் போடல்ல."

"அப்ப... தானா விழுந்திருக்கும்."

நிருஷாவின் முகம் சிவந்தது. ஐந்து வருடத்தில் அவன் காணாத முகம். "களவு செய்யிறீங்க" என்றாள். குரல் ஏறியது. "களவும் செஞ்சு பொய்யும் சொல்லுறீங்க. இது ஆட்டமே இல்ல." சொல்லிக்கொண்டே ஸ்றைக்கரை விரலால் சுண்டினாள். இத்தனை கிழமையாக அடக்கிவைத்திருந்த கெட்டித்தனம் முழுவதும் அந்தச் சுண்டலில் இருந்தது. ஸ்றைக்கர் போட்டின் விளிம்பில் ஏறிப் பறந்து போய்க் கண்ணாடி அலுமாரியில் பட்டது.

கண்ணாடி கீழே கொட்டி முடிய வெகுநேரம் எடுத்ததுபோல இருந்தது.

முதலில் அசைந்தது நிருஷாதான். அவள் அழவில்லை. எழும்பி அறைக்குள் போனாள். வந்தபோது காலில் பள்ளிக்கூடச் சப்பாத்து இருந்தது. தோளில் பை இருந்தது. நேரே முன்கதவுக்குப் போய், முதுகைக் காட்டி நின்றாள். கூட்டிப்போக யாராவது வருவார்கள் என்று காத்திருப்பவள்போல நின்றாள்.

உதயரூபனுக்கு ஸில்மியா சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. தன் வாய் எங்கே இருக்கிறது என்பதும் மறந்துபோயிற்று. குசினியிலிருந்து வந்த கேதீஸ்வரி கண்ணாடியைப் பார்த்தாள். கதவடியில் நின்ற முதுகைப் பார்த்தாள். அகப்பையும் கையுமாகப் பிள்ளைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"எங்க போறாய்?"

பிள்ளை திரும்பவில்லை.

"உன்னத்தான் கேக்கிறன். கண்ணாடிய உடைச்சுப்போட்டு எங்க போறாய்? இத ஆர் கூட்டுறது? உன்ட அப்பாவா? அவர் கூட்டினா அரைவாசி அங்கயே கிடக்கும்."

நிருஷா மெல்லத் திரும்பினாள். கேதீஸ்வரி அவளை 'நீ' என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ஏசியதும் இதுதான் முதல் தடவை.

"கோவம் வந்தா வாயால சொல்ல வேணும். ஸ்றைக்கரால அடிக்கிறயா? நாளைக்கும் நாளையிண்டைக்கும் கரம் இல்ல. சப்பாத்தக் கழட்டாத, கண்ணாடி குத்தும். பையை வச்சிப்போட்டு விளக்குமாத்த எடு."

"அம்மா," என்றாள் பிள்ளை. குரல் வந்ததே பெரிது. "நான் உங்கட அலுமாரிய உடைச்சிட்டன்."

"என்ட அலுமாரியா?" கேதீஸ்வரி இடுப்பில் கையை வைத்தாள். "இந்த வீடு எனக்கு என்ட அம்மா தந்தது. அவவுக்கு அவட அம்மா தந்தது. நாளைக்கு உனக்குத்தான் எழுதப் போறன், இந்த ஊரில வீடு மகளுக்குத்தான் போறது. நாங்க ரெண்டு பேரும் பிறகு பின்னால ஒரு அறையில இருந்து, நீ ஊத்துற தேத்தண்ணிய குடிச்சிக்கொண்டு கிடப்பம். உன்ட வீட்டுக் கண்ணாடிய நீ உடைச்சிருக்காய். எங்களுக்கு என்ன நட்டம்?"

நிருஷா இதை நினைத்துப் பார்த்தாள். பையின் வார் தோளிலிருந்து மெல்ல வழுகி இறங்கியது. பிறகு அவள் வாயிலிருந்து வந்ததை உதயரூபன் இனி ஆட்டோவில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவான். சிலருக்கு இரண்டு தரம்.

"அப்பாவும் களவு செஞ்சவர். அவருக்கும் ஏசுங்க."

"என்ன களவு?"

"முழங்கையால காயத் தள்ளினவர். தள்ளிப்போட்டுக் காத்து எண்டவர்."

இருவரும் அவனைப் பார்த்தார்கள். ஒரே மாதிரி, தலையை ஒரு பக்கம் சரித்து. இந்தப் பார்வையைப் பிள்ளை எப்போது தாயிடம் பழகியது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஓம்" என்றான் உதயரூபன். "களவுதான்."

"ஏன்?"

"உங்களுக்கு அடிக்கத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும். யன்னலால பாத்தன். நீங்க எப்பிடியும் வெல்ல மாட்டன் எண்டு நிக்கிறீங்க. எனக்கு வேற வழி தெரியல்ல."

நிருஷா நிலத்தைப் பார்த்தாள். "நான் வெண்டா உங்களுக்குக் கவலை இல்லையா?"

"கவலைதான். சரியான கவலை. ரெண்டு நாளைக்கு மூஞ்சிய நீட்டிக்கொண்டு இருப்பன். அதுக்கென்ன? அது என்ட பாடு."

பிள்ளை அப்போதுதான் அழுதாள். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, மாமாங்க மணலில் புரண்ட பிள்ளைகளைப் போலவே அழுதாள். கேதீஸ்வரி அகப்பையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். சட்டை முழுக்கக் கணவாய்க் குழம்பு. பிறகு கூட்டினார்கள். அவன் கூட்டியதில் அரைவாசி அங்கேயே கிடந்தது. கண்ணாடி இல்லாத அலுமாரியைப் பார்த்த கேதீஸ்வரி, "இனி என்னத்துக்கு" என்று சொல்லி, பதினாறு வருடக் கோப்பைகளில் மூன்றை எடுத்துக் கழுவித் தேநீர் ஊற்றினாள். கணவாய்க் கறியும் சோறும் வழக்கமான நேரத்துக்கு வந்தன. நிருஷா கறியில் பாதியை ஒதுக்கி வைத்தாள். உறைப்பாம். அவளுக்கு உறைப்புப் பிடிக்காது என்பது ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குத் தெரியவந்தது.

அடுத்த புதன்கிழமை நிருஷாவின் சந்திப்பு மூன்று மணிக்கு. வெளியூரில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்த ஸில்மியா அன்று மத்தியானம்தான் கந்தோருக்குத் திரும்பியிருந்தார். மூன்றே காலுக்கு ஸில்மியாவின் தொலைபேசி அடித்தது.

"மிஸ், கொஞ்சம் பிந்தும். ஞாயிறு கண்ணாடிய உடைச்சிட்டா மிஸ்." பரீட்சையில் மகள் முதலாம் பிள்ளையாக வந்ததைச் சொல்கிற குரல்.

"அல்ஹம்துலில்லாஹ். ஆருக்கும் காயம் இல்லையே? ஏசினீங்களா?"

"கேதி ஏசினா. எனக்கும் சேத்து." முழங்கைக் கதையை அவன் சொன்னான்.

"அண்ணன்," என்றார் ஸில்மியா, "களவு செய்யச் சொல்லி நான் சொல்லல்லையே. இனி ஒண்டு செய்ய முதல் என்னட்டக் கேளுங்க. ஒரு கண்ணாடியோட இது முடியிற வேலையும் இல்ல. இன்னும் நாலைஞ்சு மாசம் வர வேணும். அவவும் வர வேணும், நீங்களும் வர வேணும். இப்ப எங்க நிக்கிறீங்க?"

"சப்பாத்துக் கடையில."

பள்ளிக்கூடம் விட்டு ஆட்டோவில் ஏறியதுமே நிருஷா சொல்லியிருந்தாள். "அப்பா, நீங்க வாங்கின சப்பாத்து பெரிசு. நடக்கக் கழருது. என்னக் கேக்காம வாங்கினீங்க." ஆட்டோ அந்த இடத்திலேயே கிறுகி, நேரே கடை வாசலில் போய் நின்றது. ஒளித்து நிறுத்தும் எண்ணம் அவனுக்கு இல்லை. மஞ்சள் எழுத்து றோட்டைப் பார்த்தபடி இருந்தது.

கடைக்காரப் பெண் நாலாவது சோடியைக் கொண்டுவந்து வைத்தாள். நிருஷா போட்டு, நடந்து, குனிந்து பெருவிரலை அமத்திப் பார்த்தாள்.

"இதுவும் கடிக்குது. அந்த மேல் தட்டில இரிக்கிறத எடுங்க அன்ரி."

பெண் ஏணியை இழுத்து வைத்து ஏறினாள். மேலே நின்று உதயரூபனைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள். "உங்கட மகள் சரியான கரைச்சல் அண்ணன்."

"ஓம்" என்றான் உதயரூபன், பல் முப்பத்திரண்டும் தெரிய. "என்ட மகள்தான்."